காலிப் பையில் பச்சை இலை

கிருஷ்ணகிரி
23.1.84

தங்கை சுக்ராவுக்கு அண்ணன் மெஹபூப் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை கௌஸ் மொய்தீனும் நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். மானம் போனவன் நான்தான்.

நம் பேக்கரிக்கு எதிர்வீட்டு நாராயணப்பன் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். ஐந்நூறு பன், இருபது கேக் என்று போன மாதமே சொல்லிவைத்திருந்தார். நேற்றுக் காலையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து நின்று, "வத்து பாஷா, வத்து! உன் பன்னு எனக்கு வேணாம்ப்பா" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். என்ன விஷயம் என்று கேட்டால், "நீ மாவுல போடற வெள்ளைத் தூளு மாட்டுக் கொழுப்பாமே? ஒரு வருசமா எங்களுக்கு அதையா குடுத்துக்கினு இருந்தே?" என்கிறார். டீக்கு நின்றிருந்த நம் பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேர், "மாடுங்கறாரு இவரு. பன்னின்னு இல்ல நாங்க கேள்விப்பட்டோம்" என்று பாதி கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். போனவர்கள் பின்னால் கடையே காலியாகிவிட்டது.

வனஸ்பதியில் கொழுப்பு என்று பேப்பரில் வந்ததிலிருந்து இந்த ஊரில் ஆளுக்காள் விஞ்ஞானி ஆகிவிட்டார்கள். ஆனால் அவர்களைச் சொல்லி என்ன பயன்? இந்தத் தூளை உன் கம்பெனியிலிருந்து என் கடைக்குள் கொண்டுவந்தவள் நீ. "எண்ணெயும் தண்ணியும் தானா ஒட்டாதில்லண்ணா, இதைப் போட்டா ஒட்டிக்கும். பன்னு மூணு நாளைக்கு மெத்துன்னு இருக்கும்" என்று பாடம் நடத்தினாய். எதிலிருந்து செய்கிறார்கள் என்று அப்போதே கேட்டேனா இல்லையா? "எல்லாம் மரத்து எண்ணெய்தான், சுத்த சைவம்" என்றாய். அதை நம்பி, "என் தங்கச்சி கையால வர்ற சரக்கு" என்று ஊர் முழுக்க மார்தட்டினேன்.

தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? எனக்கு வேறொன்றும் வேண்டாம். இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. மீதித் தூளைக் கட்டி மூலையில் போட்டுவிட்டேன்.

மெஹபூப் பாஷா


ஓசூர்
27.1.84

அண்ணனுக்கு சுக்ரா. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை ஆத்திரம்தான் வந்தது.

நானா கொண்டுவந்தேன்? ரவுண்டானா பேக்கரிக்காரன் பன் மூன்று நாளைக்குக் காயவே மாட்டேன் என்கிறது, அதில் என்ன எழவைப் போடுகிறான் என்று கண்டுபிடித்துச் சொல் என்று வீட்டுக்கு வந்த போதெல்லாம் என்னை நச்சரித்தது யார்? பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவளிடம் கேட்டீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். மாவு பிசையும் அறைக்குள் என்னையோ அண்ணி ரோஷன் பீயையோ ஒரு நாளாவது விட்டிருக்கிறீர்களா? "பொம்பளைங்களுக்கு உள்ளே என்னா வேலை" என்று கதவைச் சாத்துவீர்கள். இன்றைக்கு அதற்குள் போட்டதற்கெல்லாம் நான் பொறுப்பா? நன்றாக இருக்கிறது நியாயம்!

எந்த தைரியத்தில் சைவம் என்றேன் என்று கேட்கிறீர்கள். பையைப் பாருங்கள். மேலே பச்சை மையில் ஓர் இலை இருக்கும். தாவர எண்ணெயிலிருந்து செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று வேலையில் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் எனக்குச் சொன்னார். பிஸ்கட்டுக்காரன், ஐஸ்கிரீம்காரன், முகத்துக்குப் பூசும் கிரீம் செய்கிறவன் எல்லோரும் அந்த இலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்த இலையை முத்திரைக் கட்டையால் அடிப்பதே நானும் பக்கத்தில் உட்காரும் முனிலட்சுமியும் மற்ற பத்துப் பெண்களும்தான். மற்றவர்கள் அடித்தால் மை கசியும். என் இலை ஒருநாளும் கோணியதில்லை. சூப்பர்வைசரே மற்றவர்களைக் கூப்பிட்டு என் பையைக் காட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்களுக்கு வேலை குறைவு. அடுத்த வாரத்துக்கு வேண்டிய காலிப் பைகளைத் தரையில் பரப்பி, எல்லாவற்றிலும் இலையை அடித்துக் காயப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். மை காய ஒருநாள் ஆகும். திங்கட்கிழமை தூள் வந்ததும் அள்ளி நிரப்பித் தைப்போம்.

அண்ணா, இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைக்கிறது. சனிக்கிழமை பை காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை என்ன வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு வருஷமாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இப்போது மேற்கொண்டு எழுத முடியவில்லை.

சுக்ரா


கிருஷ்ணகிரி
31.1.84

சுக்ராவுக்கு,

அடடா, என்ன அருமையான கம்பெனி! பிள்ளை பிறப்பதற்கு முன்பே பையன் என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். நீயும் நான்கு வருஷமாகக் கோணாமல் ஒட்டியிருக்கிறாய். அதில் பெருமை வேறு.

நாராயணப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு பேக்கரியில் சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசல் முத்தவல்லி ஆள் அனுப்பி, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் அங்கே போய் எதைச் சொல்வது? என் தங்கை மை கசியாமல் முத்திரை அடிப்பாள் என்றா?

யாரையாவது பிடித்துக் கேள். கொப்பரையில் கொட்டுகிறவன் ஒருவன் இருப்பானே, அவனுக்குத் தெரியாமலா போகும்? எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

மெஹபூப் பாஷா


ஓசூர்
9.2.84

அண்ணனுக்கு சுக்ரா.

கேட்டுவிட்டேன். கேட்டதற்குப் பலனும் கிடைத்துவிட்டது. முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கொப்பரை வேலை திம்மப்பனுடையது. பாகலூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் எதிரே போய் உட்கார்ந்து கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "பேடாம்மா, அந்த வம்பு நமக்கு பேடா" என்றார். விடவில்லை. என் அண்ணன் கடை, நாராயணப்பன், பாதி கடித்த பன் எல்லாம் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பம்பாயில இருந்து வர்ற மூட்டை ரெண்டு தினுசும்மா. பச்சைக் கயிறு கட்டினது பாமாயில் சரக்கு. செவப்புக் கயிறு கொழுப்புச் சரக்கு. எது அந்த மாசம் வெலை கம்மியோ அது வரும். உருக்கினா வாசனையே காட்டிக் குடுத்துரும். வெந்து தூளாயிட்டா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது." என்ன கொழுப்பு என்று கேட்டேன். "மாடோ, பன்னியோ, ரெண்டுமோ. உனக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது. அதனாலதான் நானு இந்த ஊர்ல பிஸ்கட்டே தொடறதில்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரையே பிடித்துக்கொண்டேன். "நீங்க மட்டும் பிஸ்கட் திங்காம இருந்துட்டா ஆச்சா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கொப்பரைப் பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை பைகளைப் பரப்பினார்கள். நான் முத்திரையைத் தொடவில்லை. எந்தக் கயிற்று மூட்டை என்று பார்த்துவிட்டு, தூள் நிரப்பிய பிறகு அடிக்கிறேன் என்றேன். சூப்பர்வைசர் சிரித்தார். பிறகு மேனேஜரிடம் கூட்டிப் போனார். மேனேஜர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வெந்தப்புறம் எல்லாம் ஒண்ணுதாம்மா. கெமிஸ்ட்ரில மாடும் இல்ல, மரமும் இல்ல" என்றார். "அப்ப இலை மட்டும் எதுக்கு சார்?" என்றேன். பொறுமை அதோடு போயிற்று. திங்கட்கிழமை என் கையில் மெமோ. இப்போது பேக்கிங் கிடையாது. கம்பெனி வாசலிலிருந்து ஷெட் வரைக்கும் கூட்டுகிற வேலை.

அண்ணா, தெரிந்தா தெரியாமலா என்று கேட்டீர்கள். தெரியாமல்தான் சொன்னேன். என் பிள்ளை வயிற்றிலும் அந்த பன்தான் போயிருக்கிறது. ஆனால் தெரியாமல் இருந்ததும் என் தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. கை என்னுடையது.

இதை இத்தோடு விடப் போவதில்லை. முனிலட்சுமியும் மற்ற பெண்களும் யோசிக்கிறார்கள்.

சுக்ரா


கிருஷ்ணகிரி
13.2.84

அன்புத் தங்கை சுக்ராவுக்கு அண்ணன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். பிள்ளைக்கு இருமல் குறைந்ததா?

நீ எழுதியதைப் படித்தேன். நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். ஏதோ அன்றைய கோபம், எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே விஷயம் ஒரு மாதிரி அடங்கிவிட்டது. மூலையில் கிடந்த தூளை ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தேன். முத்தவல்லியிடம் பேசி முடித்தாயிற்று. எப்படி என்னவென்று நீ கேட்க வேண்டாம். நாலு பேர் மறுபடி கடைக்கு வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை பழையபடி பாதிக் கூட்டம் இருந்தது.

ஆகையால் நீ அங்கே எதையும் கிளறாதே. முத்திரை அடி என்றால் அடித்துவிட்டுப் போ. கம்பெனிக்காரன் பாவம் கம்பெனிக்காரனுக்கு. நீ சத்தம் போட்டு, அது பேப்பர் வரைக்கும் போய், எந்தெந்தக் கடை வாங்கியது என்று பட்டியல் வந்தால் என் கதி என்ன? மாப்பிள்ளை லாரியில் மாதத்தில் பாதி நாள் இருப்பதில்லை, உனக்கும் இந்த வேலை வேண்டும் அல்லவா?

இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு நீ இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ரோஷன் பீ உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

மெஹபூப் பாஷா


ஓசூர்
20.2.84

மெஹபூப் பாஷா அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

"எப்படி என்னவென்று கேட்க வேண்டாம்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. நம் தெருக் காத்தூன் நேற்று மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஓசூர் வந்தாள். வீட்டுக்கு வந்தவள் டீயைத் தொடவே இல்லை. தம்ளரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "ஏண்டி, நீ தெரிஞ்சேதான் குடுத்தியா?" என்றாள். சின்ன வயதிலிருந்து என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்!

பள்ளிவாசலில் நீங்கள் சொன்னதை அவள் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். "என் தங்கச்சிக்குத் தெரியும். கம்பெனிக்காரனுக்குப் பயந்து என்கிட்ட மறைச்சுட்டா. நான் ஏமாந்தவன். இனி அவளுக்கும் எனக்கும் பேச்சில்ல." இப்படிச் சொன்னீர்களா? எந்த வாயால் சொன்னீர்கள்? சொல்லிவிட்டு வந்து எனக்கு "அன்புத் தங்கை" என்று எழுத வெட்கமாக இல்லையா? பிள்ளை இருமலை விசாரிக்கிறீர்களே, நீங்கள் விசாரித்தால் இருமல் நிற்குமா?

தெருக் குழாயடியில் என் பேரைச் சொல்லிக் காறித் துப்புகிறார்களாம். ஊருக்கே பன்றிக் கொழுப்பு ஊட்டினவள் என்று. அதனால்தான் இரண்டு மாதம் வராதே என்கிறீர்கள். இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்களா? நாளைக்கு என் மகள் நம் ஊருக்கு வந்தால் யார் மகள் என்று சொல்லிக்கொண்டு நிற்பாள்?

கம்பெனி காலிப் பையில் இலை அடித்தது. நீங்கள் என் மேல் பொய் என்று அடித்தீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

என் பேரைக் கெடுத்த அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், சுக்ரா பொய் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். முத்தவல்லி இருக்க வேண்டும், நாராயணப்பனுக்கும் சொல்ல வேண்டும். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

சுக்ரா


ஓசூர்
12.3.84

மூன்று வாரம் ஆயிற்று. நீங்கள் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. சொல்லாமல் எழுத வேண்டாம் என்றேன், அந்த ஒன்றையாவது மதித்தீர்கள்.

இங்கே நடந்தது இது. போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை பேக்கிங் பெண்கள் பதினோரு பேரும் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்கள். முனிலட்சுமிதான் முதலில் வைத்தாள். "எங்க சாமிக்குப் படைக்கற பிஸ்கட்டுலயும் இதானே சார் இருக்குது?" என்று கேட்டாளாம். திம்மப்பனும் வந்து நின்று, சிவப்புக் கயிறு, பச்சைக் கயிறு எல்லாவற்றையும் சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகச் சொன்னார். மூன்று நாள் தூள் மலையாகக் குவிந்தது. நான்காம் நாள் மேனேஜர் ஒரு முடிவு செய்தார். நேர்மையாக இலை அடிப்போம் என்றா? இல்லை. இனிமேல் எந்தப் பையிலும் இலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்! முத்திரைகளைக் குப்பையில் கொட்டச் சொன்னார். கூட்டுகிறவள் நான்தானே, என் கைக்குத்தான் வந்தது.

பதினொன்றை எரித்தேன். நான் பிடித்து அடித்ததை மட்டும் எடுத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மைப்பெட்டியும் இருக்கிறது, காயவில்லை. உங்களிடமே இருக்கட்டும். எதன்மேல் வேண்டுமானாலும் அடித்துப் பாருங்கள், நன்றாக விழும்.

சுக்ரா


கிருஷ்ணகிரி
17.3.84

சுக்ராவுக்கு,

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

பார்சல் புதன்கிழமை வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு கட்டை, அடியில் ரப்பர். காலி மைதா சாக்கில் ஒன்று அடித்தேன். பேப்பரில் ஒன்று. முறுக்கு டின்மேல் ஒன்று. எதன்மேல் அடித்தாலும் அழகாகத்தான் விழுந்தது. சிரிப்பு வந்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். ரோஷன் பீ வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க நெத்தியில ஒண்ணு அடிச்சுக்கங்க, சுத்த சைவம்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதமாக அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை உனக்கு எழுதவில்லை.

நேற்று ஜும்மா முடிந்ததும் முத்தவல்லியை இருக்கச் சொன்னேன். பழைய ஆட்களும் இருந்தார்கள். பையிலிருந்து முத்திரையை எடுத்து அவர்கள் முன்னால் என் வெள்ளைச் சட்டையில் அடித்தேன். "இதான் அந்த இலை. பை காலியா இருக்கும்போதே அடிப்பாங்க. இதைக் காட்டித்தான் என் தங்கச்சியை நம்ப வெச்சாங்க, அவளை நம்பி நான் வாங்கினேன். அவ பொய் சொல்லல. விஷயத்தைக் கண்டுபிடிச்சதே அவதான், அதுக்காக வெளக்குமாறு பிடிச்சுக்கினு நிக்கிறா. பொய் சொன்னவன் நான். அவ மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சும், இந்த எடத்துல நின்னு அவ மேல பழியைப் போட்டேன்" என்றேன். முத்தவல்லி, "ஏன்டா அப்பிடிச் சொன்னே?" என்று கேட்டார். "கடை போயிரும்னு பயம்" என்றேன். வேறு பொய் எதுவும் தோன்றவில்லை. ஒருவர், "தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லு, எங்ககிட்ட என்னா" என்று எழுந்து போனார்.

அங்கிருந்து அதே சட்டையோடு நாராயணப்பன் வீட்டுக்குப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப கல்யாணத்துக்கு நான் ரவுண்டானா கடையில வாங்குனேனே? அவனும் இதே தூளத்தானேப்பா போடறான்?" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு உன் பேரைக் கேட்டு, "அந்தப் பொண்ணு வந்தா எங்க வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

இன்று கடைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். நாளைக்கு எத்தனை பேர் என்று தெரியாது. தூள் இல்லாத பன் மறுநாளே கல்லாகிவிடுகிறது, அதனால் அன்றன்றைக்கு விற்கிற அளவுதான் போடுகிறேன். இரவே துவைத்துப் போட்டும் சட்டையில் இலை போகவில்லை.

ஒரு டஜன் பன் ஓசூர் பஸ் கண்டக்டர் கங்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைக்குக் கொடு. என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். நான் செய்தது ஈனத்தனம்.

மெஹபூப்


ஓசூர்
22.3.84

அண்ணா,

வ அலைக்குமுஸ்ஸலாம் என்று நீங்கள் சொல்லாத சலாமுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் கண்டக்டர் பன் கட்டை மறந்து பெங்களூர் வரைக்கும் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும். கம்பெனிக்கு எடுத்துப் போய் எல்லோருமாக டீயில் ஊறவைத்துத் தின்றோம். திம்மப்பன் ஒன்று எடுத்து முகர்ந்து பார்த்தார், அப்புறம் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

முனிலட்சுமி வாயில் பன்னோடு, "இதுல என்னா என்னா போட்டிருக்காரு உங்கண்ணன்?" என்றாள். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு, கடலை எண்ணெய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தூள் இல்லை என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் படித்திருக்கிறேன், கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததற்கு இனிமேல் ஒருவருக்கும் நான் சாட்சி சொல்வதாக இல்லை, நீங்களே ஆனாலும் சரி.

அதனால் ஏப்ரல் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் முனிலட்சுமியும் வருகிறோம். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குழாயடி வழியாகத்தான் நடந்து வருவேன், காத்தூனையும் கூட்டிக்கொண்டு வருவேன். அண்ணியையும் சேர்த்து நான்கு பேர். முதல் மாவு கொட்டுவதிலிருந்து பக்கத்தில் நின்று பார்ப்போம். கோபம் எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மாவு பிசையும் அறைக் கதவைத் திறந்து வையுங்கள்.

சுக்ரா